பத்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். என் கணவர் புறக்கோட்டையில் வேலை செய்கிறார். மாலை 7 மணிக்கு மாளிகாவத்தை வீட்டுக்கு வந்துவிடுவார். 7.10 ஆகியும் காணவில்லை என்றால் எனக்குக் கை கால் நடுங்கத் தொடங்கிவிடும். தொடர்மாடியின் மேலிருந்து பாதையை எட்டி எட்டிப் பார்ப்பேன். விடாமல் போன் எடுப்பேன். அவர் வந்து, "பஸ்ஸில சரியான சனம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்குக் கோபம் பொங்கும். இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். "எனக்கு ஒருவரும் தேவையில்லை" என்று உடுப்பைப் பையில் அடுக்கிய நாட்களும் உண்டு.

அவர் கெட்டவர் அல்ல. அது எனக்கும் தெரியும். அப்படியென்றால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

1990 ஒக்டோபர் 30. எனக்கு 8 வயது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தோம். அந்த மாதம் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வாப்பா கடையைப் பூட்டப் போனார். "பத்து நிமிஷத்தில வாறன், உம்மாவோட நில்லுங்க மகள்" என்றார். சனக்கூட்டத்தில் அவரைத் தவறவிட்டோம். 11 நாட்களுக்குப் பிறகு புத்தளத்தில் ஒரு முகாமில்தான் அவரைக் கண்டோம். அந்த நாட்களில் உம்மா எங்களோடு இருந்தும் இல்லாதவர் போலத்தான் இருந்தார். நான் அழுதால், "எல்லாருக்கும் இதுதானே நடந்தது, அழாத" என்றார்கள். நானும் அழுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் லண்டனில் சிறுவர் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்ஹாமும் ஒன்றைக் கவனித்தார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகளை அதிகம் பாதித்தது. பின்னர் ஜோன் பௌல்பி என்ற உளமருத்துவர் இதை விரிவாக விளக்கினார். 'நான் அழுதால் யாராவது வருவார்களா?' என்ற கேள்விக்குச் சிறுவயதில் கிடைக்கும் பதிலைப் பிள்ளை மனதில் பதித்துக்கொள்கிறது. வளர்ந்த பிறகும் அந்தப் பதிலோடுதான் மற்றவர்களிடம் போகிறது. சிலர் கைவிட்டுவிடுவார்களோ என்று இறுகப் பிடித்துக்கொள்கிறோம். சிலர் ஒருவரையும் நெருங்கவிடாமல் மனதைப் பூட்டிவைக்கிறோம். என்னைப் போல இரண்டையும் மாறி மாறிச் செய்பவர்களும் உண்டு.

என்னை விழிக்கச் செய்தது என் மகள். அவளுக்கு அப்போது 7 வயது. அவளுடைய கட்டிலுக்குக் கீழே ஒரு பையைக் கண்டேன். உள்ளே அவளுடைய கொப்பிகள், ஒரு சட்டை, பிஸ்கட் பைக்கற். "ஏன் மகள் இது?" என்று கேட்டேன். "நாங்க எப்ப போறது உம்மா?" என்றாள். நான் யாழ்ப்பாணக் கதை எதையும் அவளுக்குச் சொன்னதில்லை. என் பயத்தைப் பார்த்தே அவள் படித்திருந்தாள்.

அதன் பிறகுதான் ஓர் உளவளத்துணையாளரைச் சந்தித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பத்து நிமிடம் பிந்தும்போது யார் வராமல் போய்விடுவார் என்று பயப்படுகிறீர்கள்?" வாயில் வந்த பெயர் என் கணவருடையது அல்ல. "வாப்பா" என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அழுதேன்.

அன்றிரவு கணவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவருக்கு அது தெரியாது. இப்போது பிந்தினால் ஒரு சொல் போனில் சொல்லிவிடுவார். நானும் "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்லப் பழகினேன். சண்டை பிடித்தாலும் அன்றைக்கே பேசிவிடுகிறோம். மகள் பார்க்கும்படியே சமாதானமாகிறோம். பயம் முற்றாகப் போகவில்லை. ஆனால் அது வரும்போது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதிக்குத் தைக்க வரும் ஒரு தமிழ்ச் சகோதரி 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து நடந்து வெளியேறியவர். அதே திகதி, ஐந்து வருட இடைவெளி. அவரும் வாசலருகே ஒரு பையை வைத்திருக்கிறாராம். இருவரும் அதைப் பேசிய நாள் மனப்பாரம் குறைந்தது.

சிறுவயதில் பட்டது தலைவிதி அல்ல. ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த பிள்ளைகளை எமி வேர்னர் பல வருடங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். மிகக் கஷ்டத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல முறையில் வாழ்ந்தார்கள். நம்பி நெருங்க ஒரு பெரியவராவது இருந்தது அதற்குப் பெரிய துணையாக இருந்தது. உம்மாதான் என்றில்லை, பாட்டியோ ஆசிரியையோ போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கணவர் அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அந்தப் பயம் பழைய பயம் அல்ல. "எனக்குத்தான் மனக்குறை" என்று அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற இலக்கத்துக்கும், மனப்பாரம் தாங்கமுடியாதபோது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பை இருந்தால் அதை உடனே அவிழ்க்கத் தேவையில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களோடு இருப்பவருக்கு முதலில் சொல்லுங்கள்.