ஆற்றின் உடல்நிலையைச் சொல்லும் பூச்சிகள்

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முன் அதை ஒருமுறை வேகவைத்தாக வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அந்தப் பசை கரைந்து போனால்தான் நூலுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டும் இந்தக் கொதிநீரைத் தாண்டித்தான் தறிக்கு வருகிறது.

செரிசின் ஒரு புரதம். பசை கரைந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓர் ஓடையிலோ ஏரியிலோ கலந்தால், அதை உண்டு பாக்டீரியாக்கள் பெருகும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சிவப்பும் பச்சையுமாக ஓடும் சாயநீரைப் பார்த்தால் ஊரே கேள்வி கேட்கும். நிறமில்லாத இந்தப் பசைநீரை யாரும் கவனிப்பதில்லை. பாட்டிலில் மாதிரி எடுத்துச் சோதித்தாலும், எடுத்த அந்த நேரத்து நிலைமைதான் தெரியும். இரவில் திறந்துவிட்ட கழிவு, காலையில் மாதிரி எடுக்க வரும்போது பல கிலோமீட்டர் கடந்திருக்கும்.

ஆனால் ஆற்றின் அடியில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் பூச்சிகள் எங்கும் போவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே வளர்கின்றன. அவற்றில் எது மிஞ்சியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று படித்து நீரின் நலத்தைச் சொல்வதுதான் நன்னீர்ச் சூழலியலாளரின் வேலை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்கு அடித்தளம் போட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஆயுளைக் கொடுத்தவர் மதுரையைச் சேர்ந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன். அவர் எடுத்துக்கொண்டது மேஃப்ளை என்ற பூச்சியை. குற்றாலம் போன்ற இடங்களின் ஓடைகளில் கல்லைப் புரட்டினால் அதன் இளம்பூச்சியைப் பார்க்கலாம்: வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்கள், பின்னால் நீண்ட வால்கள். செவுளால் மூச்சுவிடும் உயிர் என்பதால் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடுபவற்றில் இதுவும் ஒன்று. சிறகு முளைத்து வெளியேறிய பிறகு அதற்குத் தின்ன வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழும். இளம்பூச்சியையும் அந்தக் குறுகிய கால முதிர்பூச்சியையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினால்தான் இனம் உறுதியாகும். இந்தப் பொறுமையான வேலையின் பயனாக, 1984-இல் அவர் ஒரு புதிய பேரினத்தையே அறிவியலுக்கு அறிவித்தார். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ் என்ற இனத்தின் பெயரிலேயே குற்றாலம் இருக்கிறது.

பூச்சிக்குப் பெயர் வைப்பதால் ஆற்றுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பூச்சி எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாமல், அது இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பட்டியல் தயாரான பிறகே கண்காணிப்பு சாத்தியமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் பூச்சிகளைப் பற்றி அவரும் சகாக்களும் 2000-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். 2007-இல் கே.ஏ. சுப்பிரமணியனும் அவரும் சேர்ந்து, பூச்சிகளைக் கொண்டு நன்னீரை மதிப்பிடுவதற்கான கையேடு ஒன்றை எழுதினார்கள். பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் அதை வெளியிட்டது.

செய்முறை எளிது. ஓடும் நீரில் வலையை ஊன்றி, அதற்கு மேல்புறம் நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். கலைந்த உயிர்கள் நீரோட்டத்தோடு வந்து வலையில் விழும். அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பார்கள். பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறையில், நுட்பமான மேஃப்ளை குடும்பங்களுக்குப் 10, பல தும்பிக் குடும்பங்களுக்கு 8, அட்டைகளுக்கு 3, கொசுவைப் போன்ற கைரோனோமிட் ஈக்களின் புழுவுக்கு 2, சேற்று மண்புழு வகைகளுக்கு 1. இந்தக் கைரோனோமிட் புழுக்களில் சில சிவப்பாக இருக்கும். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் வற்றிய சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். மொத்த மதிப்பெண்ணைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்து உதவியுடன் யமுனையில் ஆய்வு செய்து இந்த மதிப்பெண் முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி வகுத்தது. அதில் இன்னொரு கணக்கும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தட்டிலிருந்து உயிர்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முன்னதைப் போலவே இருந்தால் புதுக்கணக்கு இல்லை. வேறுபட்டால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். இப்படி வந்த எண்ணை மொத்த உயிர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு விடை வரும். ஒரே வகைப் புழு நிறைந்த சாக்கடையில் அது 0-ஐ ஒட்டி நிற்கும். லத்தீன் பெயர் எதுவும் தெரியாத பள்ளிப் பிள்ளைகூட இதைச் செய்யலாம். இரண்டு கணக்கையும் சேர்த்து நீர்நிலையை ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ‘ஏ’ தூய்மையானது, ‘இ’ மிக மோசம்.

ஆரணிக்கு இது பொருந்துமா? சற்று யோசித்துச் செய்ய வேண்டும். ஆரணி வழியே செல்லும் கமண்டல நாகநதி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல. வறண்ட மணலில் வலை போட முடியாது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்து, பூச்சிகள் மீண்டும் குடியேறச் சில வாரம் விட்டு எடுக்க வேண்டும். ஆரணியின் நீரைக் குற்றாலத்தோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஒப்பிட வேண்டியது அதே ஆற்றின் மேல்பகுதியோடு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் படவேடு பக்கம் ஓடும்போது ஆற்றில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, ஊரைத் தாண்டிய பிறகு எவை மிஞ்சுகின்றன என்று பார்த்தால் போதும். ஏரிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். தேங்கிய நீரில் தும்பி, நீர்வண்டு, நத்தை போன்றவையே இயல்பாக அதிகம் வாழும்.

இந்த ஆற்றின் நீர் செய்யாறு வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நொய்யல் ஆறு கெட்ட பிறகு, 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். இரண்டு இடத்திலும் கிணறுகள் கெட்டு, வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகே ஆறு பேசுபொருளானது. தொழிலாளி வேலையையும் விவசாயி நிலத்தையும் இழக்கும் அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே, மேஃப்ளை மறைந்து சேதி சொல்லியிருக்கும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல வழி. மதுரையில் சிவராமகிருஷ்ணனோடு மேஃப்ளை ஆராய்ந்த கே. வெங்கட்ராமன் பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அந்த நிறுவனத்தின் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது.

தேவைப்படுவது வலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி, கையேடு ஆகியவைதான். செய்யாறு, திருவண்ணாமலை அரசுக் கல்லூரிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆரணி நகராட்சியும் சேர்ந்து, வரும் பருவமழைக்குப் பின் படவேட்டில் ஓரிடம், ஆரணிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என மூன்று இடங்களில் இந்தக் கணக்கை எடுத்து, முடிவை ஊரார் அறிய வெளியிட வேண்டும்.