பஞ்சப்படியும் பத்திரிகைத் தலைப்பும்

பத்திரிகையை உலகங் காட்டும் கண்ணாடி என்பர். ஆயின் கண்ணாடி, தான் திருப்பி வைக்கப்பட்ட பக்கத்தை மட்டுமே காட்டும். இதனை எனக்கு உணர்த்தியவர் நம் சங்கத்துக்கு வரும் பெரியவர் ஒருவர். அவர் இரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. நான் இரயில்வே குமாஸ்தா.

2021 ஜூலையில் மத்திய அரசு ஊழியரின் பஞ்சப்படி 17 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாயிற்று. ஊழியருக்கு யோகம் அடித்தது என்றும், அரசுக்குப் பெருஞ்சுமை என்றும் படும்படி பத்திரிகைகள் எழுதின. "உங்களுக்கென்ன தம்பி, வாரி வழங்கிவிட்டார்களே!" என்றார் பெரியவர்.

பஞ்சப்படி பரிசன்று என அவருக்கு விளக்கினேன். 88 தொழில் நகரங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை முதலியவற்றின் விலையை லேபர் பீரோ கணக்கிடுகிறது. அந்தக் குறியீட்டெண்ணின் 12 மாதச் சராசரியைக் கொண்டே பஞ்சப்படி வகுக்கப்படுகிறது. விலை முன்னே ஏறும். படி பின்னே வரும். மேலும், கொள்ளைநோயைக் காரணங்காட்டி 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டிருந்தன. அம்மூன்றும் சேர்ந்ததே இந்த 11 விழுக்காடு. இடைப்பட்ட 18 மாத நிலுவையோ கிடைக்கவில்லை.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதே அரிசியைத்தானே நானும் வாங்குகிறேன்? எங்களுக்கு ஏதும் ஏறவில்லையா?" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். நாள்தோறும் பத்திரிகை படித்தும் விடை தெரியவில்லை. விசாரித்தபின் அறிந்தேன்: அதே குறியீட்டெண்ணைக் கொண்டு, மத்திய அரசுத் துறைகளில் வேலைசெய்யும் ஒப்பந்தத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் படியும் உயர்த்தப்பட்டிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் மாதம் 105 முதல் 210 ரூபாய் வரை உயர்வு! அச்செய்தி என் கண்ணிற் படவேயில்லை.

ஆக, தலைப்புகள் என்னை அவருக்குச் சலுகை உண்பவனாகக் காட்டின. அவரை எனக்குக் காட்டவே இல்லை. அவருக்குப் பொறாமை, எனக்கு மறதி. ஒரே சந்தையில் ஒரே விலைக்கு அரிசி வாங்கும் இருவர் இவ்வாறு இரு சாதியாராய்ப் பிரிந்து நின்றோம்.

ஆதலின், பொருளாதாரச் செய்தியைப் படிக்குங்கால் இரண்டு கேள்வி கேட்போம். இந்த உயர்வுக்கு முன் ஏறிய விலை யாது? இச்செய்தியில் இடம்பெறாதவர் யார்?

அடுத்த ஞாயிறு பெரியவர் தம் சம்பளச் சீட்டைக் கொணர்ந்தார். இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். ஏப்ரல் உயர்வு அதிற் சேர்ந்திருக்கவில்லை. அவர் ஒப்பந்தக்காரரிடம் கேட்டார், கேட்டபின் சேர்ந்தது.