வீட்டில் அச்சிடும் நிழற்படம்

கைப்பேசி வந்தபின் நம் நாட்டில் படம் எடுக்காதவர் எவருமிலர் எனலாம். எடுத்த படத்தைத் தாளில் வைத்திருப்பவரோ சிலரே. ஆயிரக்கணக்கான படங்கள் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கருவி நீரில் விழுந்தாலும், களவு போனாலும், அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் மறைந்தாலும் அவை அனைத்தும் ஒருங்கே போகின்றன. வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகும்போது, சுவரில் மாட்டிப் பூச்சூட்ட ஒரு நல்ல படம் இல்லையே என்று குடும்பம் தவிப்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

இக்குறையைத் தீர்க்க, வீட்டிலேயே படம் அச்சிடும் சிறு பொறிகள் வந்துள்ளன. கடைகளில் இங்க்ஜெட் பிரிண்டர் என்று கேட்கப்படும் இதனை மைத்தாரை அச்சுப்பொறி என்று நாம் அழைக்கலாம். ஆனால் ஆசையோடு அச்சிட்டு மாட்டிய படம் ஓராண்டுக்குள் வெளிறுவதும், முகமெல்லாம் செம்மஞ்சள் படர்ந்து போவதும் உண்டு. பலர் பொறியைக் குறை கூறி, விலையுயர்ந்த வேறொன்றை வாங்குகிறார்கள். அதுவும் அவ்வாறே ஆகிறது. காரணம் பெரும்பாலும் பொறியில் இல்லை. மையும் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்தின வகையிலும், படம் வைக்கப்பட்ட இடத்தின் காற்றிலும் ஒளியிலுமே அது இருக்கிறது.

மையைத் தாரையாகப் பீய்ச்சி எழுதும் முறை புதியதன்று. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவர் 1951இல் இத்தகைய பதிவுக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இதயத் துடிப்பின் கோடுகளை வரையவே அது முதலில் பயன்பட்டது. உடலுக்குள் பொருத்தும் இதயமுடுக்கியை 1958இல் வடிவமைத்தவரும் அவரே. பின்னர் 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின்மேல் தற்செயலாகப் பட, ஊசியின் நுனியிலிருந்து மை தெறித்தது. சூட்டினால் குமிழி எழுப்பி மைத்துளியை வெளியே தள்ளும் முறை அங்கே பிறந்தது. வேறு சில பொறிகளில் சூடு இல்லை; மின்சாரம் பட்டவுடன் வளையும் ஒரு சிறு படிகத்தகடு மையை அழுத்தித் துளியாக வெளியேற்றுகிறது.

அத்துளியின் சிறுமை வியப்புக்குரியது. ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்குப் பிக்கோலிட்டர் என்று பெயர். நல்ல பொறிகள் வெளியிடும் மிகச் சிறிய துளி ஏறத்தாழ 1.5 பிக்கோலிட்டர்தான். அதன் விட்டம் நம் தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்களவே ஆகும். நீலப் பச்சை சாயலுள்ள சயான், செவ்வூதாவான மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் துளிகளை அருகருகே தெளித்தே எல்லா வண்ணங்களும் காட்டப்படுகின்றன. படத்திற்கென்றே அமைந்த பொறிகளில் வெளிர் சயானும் வெளிர் மஜெண்டாவும் சேர்ந்து ஆறு மைகள் இருக்கும். கன்னத்தின் மென்மையையும் வானத்தின் நீலத்தையும் புள்ளி தெரியாமல் காட்டுவதற்கு இவ்விரண்டும் உதவுகின்றன.

மை இருவகைப்படும். ஒன்று, சர்க்கரை நீரில் கரைவதுபோல் நிறம் முழுவதும் கரைந்திருக்கும் சாயமை. மற்றொன்று, மிக நுண்ணிய நிறத்துகள்கள் கரையாமல் மிதக்கும் துகள்மை. சாயமை பளபளப்பும் துலக்கமும் தரும். ஆனால் ஒளியும் காற்றும் நீரும் அதனை எளிதில் தாக்கும். துகளின் மேற்பரப்பு தாக்கப்பட்டாலும் உட்பகுதி எஞ்சி நிற்பதால் துகள்மை நெடுங்காலம் நிலைக்கும். நம் வீடுகளில் காணும் மைத்தொட்டிப் பொறிகளில் வண்ணங்கள் பெரும்பாலும் சாயமையே. நான்கு தொட்டிப் பொறிகள் பலவற்றில் கறுப்பு மட்டும் எழுத்துக்கென்று வைத்த துகள்மையாக இருக்கும். அது பளபளப்புத் தாளில் ஒட்டாது. ஆதலால் பளபளப்புத் தாள் என்று நாம் குறித்தவுடன் பொறி கறுப்பை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று வண்ணங்களைக் கலந்து கருமையை உண்டாக்குகிறது. அத்தகைய படத்தில் கூந்தல் சற்றே பழுப்பாகத் தோன்றினால் அது பழுதன்று, பொறியின் இயல்பு.

அடுத்தது தாள். சாதாரணத் தாளில் துளி விழுந்தால் இழைகளுக்குள் பரவிவிடும். படத்தாளின் மேல் மையை ஏற்கும் ஒரு பூச்சு உண்டு. பழைய முறைப் பூச்சு, ஊறி உப்பி மையை உள்ளே பொதிந்துகொள்ளும், உலர நேரமாகும். இன்று பெரிதும் வழங்குவது நுண்துளைப் பூச்சு. சிலிக்கா போன்ற கனிமத் துகள்களின் இடைவெளிகளில் மை நொடியில் இறங்கிவிடும். தொட்டால் கையில் ஒட்டாது. கண்டவர் மகிழும் இவ்வசதிக்குள்ளேயே ஒரு தீங்கும் ஒளிந்திருந்ததை உலகம் 2000ஆம் ஆண்டில் அறிந்தது.

அவ்வாண்டில் புதிய ஆறுமைப் பொறிகளும் அவற்றுக்கேற்ற நுண்துளைத் தாளும் விற்பனைக்கு வந்தன. கடும் விளக்கொளியில் வைத்துச் செய்த சோதனைகளை நம்பி, அவற்றின் படம் பல ஆண்டுகள் மங்காது என்று கூறப்பட்டது. ஆனால் வாங்கியோர் சிலரின் வீட்டில் சில வாரங்களிலேயே படம் செம்மஞ்சளாயிற்று. அதே பொறி, அதே மை, அதே தாள் கொண்டு வேறு சிலர் அச்சிட்ட படமோ மாறவே இல்லை. கண்ணாடிக்குள் வைத்த படங்கள் தப்பின. திறந்து மாட்டியவை கெட்டன. ஒளி காரணமாயின் கண்ணாடி அதனைத் தடுத்திராது அன்றோ? ஆராய்ந்தபோது, குற்றவாளி காற்றிலுள்ள ஓசோன் வாயு என்று தெரிந்தது. பூச்சின் திறந்த துளைகள் வழியே அது உட்சென்று சயான் சாயத்தை அழித்திருந்தது. சயான் செந்நிற ஒளியை உண்ணும் நிறம். அது போனபின் சிவப்பும் மஞ்சளுமே கண்ணுக்கு எஞ்சின. ஒளிச் சோதனையோடு வாயுச் சோதனையையும் சேர்க்க வேண்டும் என்ற அறிவு இந்நிகழ்ச்சிக்குப்பின் வலுப்பெற்றது. அதன்பின் வந்த சாயமைகள் ஓசோனை முன்னிலும் நன்றாகத் தாங்குகின்றன. எனினும் தொட்டியில் பெயரறியா மலிவு மையை ஊற்றினால் நாம் மீண்டும் 2000ஆம் ஆண்டுக்கே போய்விடுகிறோம்.

வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையருகே வாகனப் புகையின்மேல் வெயில் படும்போதும் உண்டாகிறது. தில்லியின் கோடையில் அது மிகுதி. சிலவகை மின்காற்றுத் தூய்மைக் கருவிகளும் சிறிதளவு ஓசோனை வெளியிடும். மின்விசிறியின் நேர்க்கீழே திறந்து மாட்டிய படத்திற்குப் புதிய காற்று இடைவிடாமல் வந்துகொண்டே இருப்பதால் கேடு விரைகிறது. காலமானவர் படத்தை வாயிலுக்கு எதிரே, காலை வெயில் படும் சுவரில் மாட்டுவது பல வீடுகளில் வழக்கம். அதன்முன் ஊதுபத்தியும் விளக்கும் எரியும். வெயில், காற்று, புகை மூன்றும் ஒருங்கே வந்து தாக்கும் இடம் அதைவிட வேறில்லை. வழக்கத்தை விடவேண்டியதில்லை. படத்தைக் கண்ணாடியிட்டு, சட்டத்தின் பின்புறத்தையும் நன்றாக அடைத்து, வெயில் நேரே விழாத சுவருக்கு மாற்றினால் போதும். அத்துடன் அதே படத்தின் மற்றொரு பிரதியை உறையிலிட்டு அலமாரியில் வைத்துக்கொள்வது நலம்.

கடையில் தாள் வாங்கும்போது கனத்தை மட்டும் கேட்பது போதாது. 130, 180 ஜி.எஸ்.எம். என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வெறுங்காகிதத்தின்மேல் பூச்சிட்டவை, ஈரத்தில் சுருளும். நெகிழிப் படலத்திற்கிடையே காகிதத்தைப் பொதிந்து, அதன்மேல் பூச்சிட்ட தாள் வேறு. அது 260, 270 ஜி.எஸ்.எம். அளவில் வரும், ஆர்.சி. தாள் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரே படத்தை இரண்டு வகைத் தாளில் அச்சிட்டு ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியை ஜன்னலருகே காற்றுபட வையுங்கள்; மறுபாதியை உறையிலிட்டு இருட்டில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாதிகளை ஒட்டிப் பார்த்தால், எத்தாளுக்குப் பணம் கொடுக்கலாம் என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி அச்சிடும் முறை. முதலில் படத்தின் மூலக்கோப்பு வேண்டும். தாளில் ஓரங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருப்பின் படம் கூர்மையாகத் தோன்றும். 4 அங்குலத்திற்கு 6 அங்குலம் உள்ள தாளுக்கு 1200க்கு 1800 புள்ளிகள் தேவை. கைப்பேசி எடுக்கும் 4000க்கு 3000 புள்ளிப் படம் அதற்கும் ஏ4 தாளுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 புள்ளிகளாகக் குறைந்துவிடும். சிறு தாளுக்கு அதுவே போதும். ஏ4 தாளில் அங்குலத்திற்கு 140 புள்ளிகூட வாராது, முகம் குழைந்து தோன்றும். உறவினரிடம் படம் கேட்கும்போது, அதை ஆவணமாக அனுப்பும்படி சொல்லுங்கள்.

கைப்பேசிப் படத்தின் பக்கங்கள் 4க்கு 3 என்ற விகிதத்திலும், நாம் அச்சிடும் சிறு தாள் 3க்கு 2 என்ற விகிதத்திலும் உள்ளன. தாள் முழுவதும் நிரப்பச் சொன்னால் மேலும் கீழுமாகப் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுண்டு போகும். திருமணக் குழுப்படத்தில் பின்வரிசைத் தாத்தாவின் தலை போவது இப்படித்தான். எங்கே வெட்டுவது என்பதைப் பொறிக்கு விடாமல் நாமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.

திரையில் ஒளிர்ந்த படம் தாளில் இருண்டு வருகிறதென்பது பொதுவான முறையீடு. திரை தானே ஒளி வீசுவது. தாளோ பிறர் ஒளியைத் திருப்பித் தருவது. வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையருகே பிடித்து, இரண்டின் வெண்மையும் ஏறத்தாழ ஒக்கும்வரை திரையொளியைக் குறைத்துப் பாருங்கள். அந்நிலையிலும் படம் இருண்டிருந்தால் அப்போதே வெளிச்சத்தைக் கூட்டலாம். பொறியின் அமைப்பில் தாளின் வகையைச் சரியாகக் குறிப்பது இவை எல்லாவற்றிலும் முக்கியம். பளபளப்புத் தாளை இட்டுச் சாதாரணத் தாள் என்று விட்டுவிட்டால் மையின் அளவும் கலவையும் மாறி, படம் அழுக்காக வரும்.

வட இந்தியாவின் உலர்ந்த கோடையில் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை சிறு வண்ணப்படம் ஒன்று அச்சிட்டுவந்தால் இத்தொல்லை குறையும். தலையைத் தூய்மை செய்யும் கட்டளையை அடிக்கடி கொடுப்பது வீண். செலவாகும் மையெல்லாம் பொறியின் அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேரும். அப்பஞ்சு நிறைந்துவிட்டதென்று பொறி கணக்கிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும்.

வீட்டில் அச்சிட்டால் பணம் மிச்சம் என்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. திருமணப் படம் இருநூறு அச்சிட வேண்டுமாயின் வண்ணப்பட நிலையத்திற்கே கொடுங்கள். அங்கே இரசாயன முறையில் வெள்ளியுப்புத் தாளில் கழுவித் தரும் படத்தை ஓசோன் அவ்வளவாகத் தீண்டாது. அந்த முறையில்தான் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்க. பத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் செய்துகொள்வதற்கே வீட்டுப் பொறி.

அச்சான படத்தை உடனே சட்டத்தில் அடைக்கலாகாது. மையிலுள்ள மெல்ல ஆவியாகும் திரவம் கண்ணாடியின் உட்புறம் மூட்டம்போல் படியும். படத்தின்மேல் வெற்றுத்தாள் ஒன்றை வைத்து ஒருநாள் விட்டு, தாளை மாற்றி மறுநாளும் விடுங்கள். மும்பையிலும் மற்றக் கடற்கரை நகரங்களிலும் மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது முகமே உரிந்துவிடுவது உண்டு. இரண்டுக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்தால் ஒட்டாது. பசைக்கோடுகள் உள்ள ஆல்பங்களைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் உறைகள் உள்ளவற்றைக் கேட்டு வாங்குக.

பழைய படங்களின் பின்புறத்தில் பெயரும் நாளும் எழுதுவது நம் முன்னோர் வழக்கம். ஆர்.சி. தாளின் முதுகில் பென்சில் நன்றாகப் பற்றாது. பந்துமுனைப் பேனாவை அழுத்தினால் முன்புறம் தடம் விழும், மை அடுத்த படத்தில் ஒட்டும். ஆதலின் படத்தின் அடியில் அரை அங்குல வெள்ளை விளிம்பு விட்டு, படத்திலுள்ளோர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்தே அச்சிட்டுவிடுங்கள்.