புதுக் கிளி வந்தாச்சா? முதல்ல அதைச் சும்மா விடுங்க!

வெளிநாட்டுக்குக் குடிபோகிற நண்பர் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அல்லது நல்ல மார்க் வாங்கிய மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நீங்களே வாங்கியிருப்பீர்கள். எப்படியோ, உங்கள் வீட்டு ஹாலில் இப்போது ஒரு கிளி! பிள்ளைகள் கூண்டைச் சுற்றி நின்று விசிலடிக்கிறார்கள். மாடி வீட்டு மாமி பார்க்க வருகிறார். கிளியோ மூலையில் ஒடுங்கி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

'எவ்வளவு சமர்த்தா இருக்கு பாருங்க' என்று சந்தோஷப்படுகிறோம். சமர்த்து இல்லீங்க, அது பயம்!

பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் பிறவி கிளி. சோர்வை வெளியே காட்டினால் எதிரியின் கண் முதலில் அதன் மேல்தான் விழும். அதனால் பயத்தையும் நோயையும் முடிந்தவரை மறைப்பது அதன் சுபாவம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், முதல் ஒரு மாதம் அதை எப்படி நடத்துவது என்பது தானாகப் புரியும்.

'சித்த வைத்தியருக்கும் கிளிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். தீராத இருமலோடு வருகிறவர்களிடம், 'வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்திருக்கா?' என்று கேட்பது என் வழக்கம். 'ஒரு கிளி வந்திருக்கு டாக்டர்' என்ற பதிலும் சில சமயம் வரும்!

எந்தக் கிளி?

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜரிகர், கொண்டை வைத்த காக்டெயில் ஆகிய இரண்டும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. இவற்றை வளர்க்கலாம். ஆப்பிரிக்க சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை 2024-ம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காக்டெயில் 15, 20 வருடம் வாழும். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்!

கூண்டு எங்கே?

சமையலறையில் வேண்டவே வேண்டாம். கிளியின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. அதனால் காற்றில் உள்ள நஞ்சு நம்மைவிட அதை வேகமாகத் தாக்கும். அடுப்பில் மறந்துபோய் அதிகமாகச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை, சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எதுவும் அருகில் ஆகாது. சாம்பிராணியை மூலிகைப் புகை என்று நாம் மதிக்கிறோம். கிளிக்கு அதுவும் புகைதான்!

ஹாலில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி, நம் நெஞ்சு உயரத்தில் கூண்டை வையுங்கள். முதுகுப்புறம் சுவர் இருந்தால் அதற்கு ஒரு தைரியம். நேர் வெயில், ஏ.சி. காற்று படக்கூடாது. உட்கார வழவழப்பான குச்சிக்குப் பதில், மருந்து தெளிக்காத கொய்யாக் கிளை அல்லது வேப்பங்கிளையைக் கழுவிக் கட்டுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ராத்திரி சீரியல் ஓடும் ஹாலென்றால், எட்டு மணிக்கே கூண்டை அமைதியான அறைக்கு மாற்றுங்கள். காக்டெயில் இருட்டில் திடுக்கிட்டுச் சிறகடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். சின்ன நைட் லாம்ப் எரியட்டும்.

என்ன கொடுப்பது?

முதல் வாரம், பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். தினை, கம்பு மட்டுமே தின்றால் வைட்டமின் 'ஏ' குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், பூசணி சேருங்கள். மிளகாய்ப் பழம் கொடுத்தால் பயப்பட வேண்டாம், பறவைக்கு உறைக்காது! வெண்ணெய்ப் பழம் எனப்படும் பட்டர் ஃப்ரூட் விஷம். சாக்லெட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட மிக்சர் கூடாது. பால் சாதமும் வேண்டாம். பாலை ஜீரணிக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

எப்படிப் பழக்குவது?

* முதல் மூன்று நாள்: தீனி, தண்ணீர், சுத்தம். அவ்வளவுதான். கையை நீட்டி விளையாட வேண்டாம்.

* அடுத்து: கூண்டருகே உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், மெல்லப் பேசுங்கள். உற்று முறைத்துப் பார்க்காதீர்கள். பருந்து அப்படித்தான் பார்க்கும்!

* எதிரிலேயே தின்ன ஆரம்பித்ததும்: கம்பி வழியாகத் தினைக் கதிரை நீட்டுங்கள். வாங்கிக்கொள்ளப் பழகியபின் கதவைத் திறந்து கையை வையுங்கள். அதுவாக ஏறட்டும். பிடித்து இழுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

* வெளியே விடும்போது: மின்விசிறி ஓடக்கூடாது. ஜன்னல் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் வாளி, கொதிக்கும் பாத்திரம் திறந்திருக்கக்கூடாது.

இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், வேறு வீட்டில் வளர்ந்த கிளிக்குச் சில மாதங்களும் ஆகலாம். அவசரம் வேண்டாம்.

உடம்பு சரியில்லையா?

நாள் முழுக்க இறகை உப்பிக்கொண்டிருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால், கூண்டின் தரையில் உட்கார்ந்தால், தின்ன மறுத்தால், எச்சத்தின் நிறம் மாறினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மறைக்கிற பறவை வெளியே காட்டுகிறதென்றால் நோய் முற்றிவிட்டது என்றே அர்த்தம். மஞ்சள் தண்ணீர், ஓம வாட்டர் என்று கைவைத்தியம் செய்து பொழுதைப் போக்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

உங்கள் நலம் முக்கியம்

காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக 'சிட்டகோசிஸ்' என்ற நோய் மனிதருக்குத் தொற்றலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் இதன் அடையாளங்கள். நிலவேம்புக் கஷாயத்தோடு நின்றுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். உரிய ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும். கூண்டுக் காகிதத்தைத் தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியபின் எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயோடு வாய் வைத்து ஊட்டாதீர்கள்.

காக்டெயிலின் இறகிலிருந்து வெள்ளைப் பொடி நிறைய உதிரும். ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டுக்கு அது ஏற்றதல்ல. கர்ப்பிணிகள் கூண்டு கழுவும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒருநாள் ராத்திரி தூங்கப்போகும் முன், கிளி அலகை 'கிரக்... கிரக்' என்று அரைக்கும் சத்தம் கேட்கும். பல்லைக் கடிக்கிறதோ என்று பதறாதீர்கள். பயம் விட்டுப் போய், நிம்மதியாகக் கண்ணயர்கிற சத்தம் அது. அதன் பிறகு பேச்சுச் சொல்லிக் கொடுக்க நிறைய நாள் இருக்கிறது!