‘சி’ என்றால் எவ்வளவு தூரம்?

உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரியவர்களைக் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். சரியான கணக்கு வேண்டுமென்றால், மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு வெளியிடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டைப் புரட்ட வேண்டும். 2011 கணக்குப்படி இந்தியாவில் 6,40,867 கிராமங்கள். அவற்றில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் ஆளே கிடையாது! பெயரும் எல்லையும் மட்டும் பதிவேட்டில் இருக்கின்றன.

தலையை எண்ணுவது சுலபம் என்று நினைப்போம். ஆனால் எண்ணி முடிப்பதற்குள் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கும், இன்னொரு வீட்டில் தாத்தா இறந்துபோவார். அதனால் ஒரு நொடியைக் குறித்துக்கொள்கிறார்கள். 2011-இல் அது மார்ச் 1, நள்ளிரவு 12 மணி. அதற்குப் பிறகு பிறந்த பாப்பா கணக்கில் சேராது. ஆறு வயது வரை உள்ளவர்களைத் தனியாகவும் எழுதுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விகிதத்தை 7 வயதிலிருந்துதான் கணக்கிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஊரின் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

அதே கையேட்டில் போக்குவரத்தும் உண்டு. ஊருக்கு பஸ் வருகிறதா, ரயில் நிலையம் இருக்கிறதா, ஆட்டோ ஓடுகிறதா? இல்லையென்றால், அந்த வசதி எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பதை ஓர் எழுத்தால் காட்டுவார்கள். 5 கிலோமீட்டருக்குள் என்றால் ‘ஏ’, 5 முதல் 10 வரை ‘பி’, அதற்கு மேல் ‘சி’.

இந்த ‘சி’ எனக்குத் திருப்தி தரவில்லை. ஏன் தெரியுமா?

பீகாரில் கயா மாவட்டத்தில் கெஹ்லோர் என்று ஒரு கிராமம். ஊருக்குக் குறுக்கே ஒரு பாறைக் குன்று. அத்ரி பகுதியிலிருந்து வஜீர்கஞ்சுக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டு சுமார் 55 கி.மீ. போக வேண்டியிருந்தது. தசரத் மாஞ்சி என்ற கூலித் தொழிலாளி 1960-இல் சுத்தியலும் உளியும் எடுத்தார். 22 ஆண்டுகள் பாறையை உடைத்து, ஏறக்குறைய 110 மீட்டர் நீளத்துக்குக் குன்றைப் பிளந்து வழி செய்தார். தூரம் 15 கி.மீ. ஆனது. மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு 11 மணி நேர நடை 3 மணி நேரமாகிவிட்டது. ஆனால் அந்த எழுத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 55-ம் ‘சி’, 15-ம் ‘சி’!

தூரம் குறைந்தாலும் மழைக்காலத்தில் வண்டி வருமா என்பது வேறு கேள்வி. கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். ஊறிய மண் சக்கரத்தின் எடையைத் தாங்காமல் நழுவுகிறது, டிராக்டரே சிக்கிக்கொள்ளும். ஆகவே எல்லாப் பருவத்துக்குமான சாலைக்குத் தாரைவிட முக்கியம், தண்ணீர் நிற்காமல் ஓட வழி. ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறுபாலம் வேண்டும். பாலம் இல்லாத தார்ச்சாலையை முதல் வெள்ளமே அரித்துவிடும்.

தலைக்கணக்கும் சாலையும் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலைப்பகுதியில் 250 பேரும் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சாலை என்று விதி வைத்தது. 480 பேர் இருந்த சமவெளிக் குடியிருப்பின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நீங்களும் ஒன்று செய்யலாம். வரைபடத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரத்தை அளவுகோலால் அளந்து, வரைபடத்தின் அளவு விகிதப்படி கிலோமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் போகும் பாதையின் தூரத்தை அதனால் வகுங்கள். 1.2, 1.3 என்று வந்தால் பாதை ஓரளவு நேர்தான். 2-ஐத் தாண்டினால் நடுவில் என்ன மறிக்கிறது, ஏரியா, ரயில் தண்டவாளமா, வேலி போட்ட தோப்பா என்று தேடிப் பாருங்கள்.