நரம்புக்குள் எலும்பு வளருமா?



"ஏங்கய்யா, நரம்புக்குள்ள எலும்பு மொளைக்குமா? யாராச்சும் செய்வினை வெச்சிருப்பாங்களோ?" என்று கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார். அவருடைய ஆள்காட்டி விரலில் பயறு அளவில் ஒரு கட்டி. கொழுந்து கிள்ளும்போது கரண்ட் அடித்த மாதிரி வலி. விரல் நுனி மரத்துப் போய், அடுப்பில் சுட்டதுகூடத் தெரியாமல் கொப்புளம் போட்டிருந்தது. வேலைக்கு நின்றால் பேர் போகும், கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகும் என்ற பயத்தில் பல மாதம் மறைத்து விட்டார். எண்ணெய் போட்டு உருவியும் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு என்ற பேச்சு வந்தது.

இது செய்வினை அல்ல. ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது. தொட்டதையும் சுட்டதையும் நமக்குச் சொல்வது அவைதான். எலும்பு முறிந்தால் உடம்பு தானே புது எலும்பு கட்டும். அந்த வேலை சில வேளை எலும்பு இல்லாத இடத்திலும் நடந்து விடுகிறது. பலத்த அடி, தீக்காயம், முதுகுத்தண்டுக் காயம் ஆகியவற்றின் பின் சதைக்குள் எலும்பு உண்டாவதுண்டு. நரம்புக்குள் உண்டாவது மிக மிக அரிது. காரணம் தெரியாமலும் வரலாம். அந்த எலும்பு நரம்பு இழைகளை நெரிப்பதால்தான் வலியும் மரப்பும் வருகின்றன.

பொதுவாக இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் கையால் தடவிப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வைத்தியர் தேவையென்று கண்டால் ஒப்பரேஷன் செய்து எடுத்து, சோதனைக்கு அனுப்புவார். விரல் நரம்பு மிக மெல்லியது. அதனால் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்து நிதானமாகச் செய்யும் வேலை அது.

விரல் மரத்தால் எல்லாம் எலும்பு என்று நினைத்துவிட வேண்டாம். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாலும் சீனி வருத்தத்தாலும் மரப்பதுதான் அதிகம். உணர்ச்சியில்லாத தேமலும் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கட்டியை உருவ வேண்டாம், குத்த வேண்டாம், சூடு வைக்க வேண்டாம்.
2. மரப்போ கட்டியோ சில வாரம் நீடித்தால் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள்.
3. மரத்த விரலை அடுப்பு, கத்தி பக்கம் கவனமாக வையுங்கள். தினமும் காயம் உண்டா என்று பாருங்கள்.

அக்காவுக்கு ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. "முன்னமே வந்திருக்கலாங்கய்யா" என்கிறார். இன்று போன பேரை நாளை எடுக்கலாம். விரல் போனால் எடுக்க முடியுமா?