வாழைக்காய் மாவும் குட்டிக் குடலும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கம் தீவில் வாழை தலைமுறை தலைமுறையாக விளைகிறது. காவிரியின் தென்கரையில், திருச்சியில், 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

மொந்தன் என்ற சமையல் வாழையின் காயை நறுக்கினால் கத்தியில் பால் பிசுபிசுக்கும். உள்ளே வெளிறிய மாவுச் சதை. சமைத்த பிறகும் அந்த மாவில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலைச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள்.

அந்தச் செல்களின் ஆயுள் சில நாள்தான். குடற்சுவரின் நுண்குழிகளுக்கு அடியில் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து, புதியவற்றை மேலே அனுப்புகின்றன.

2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு, சுண்டெலியின் ஒற்றைக் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து ‘குட்டிக் குடலை’ ஆய்வகத்தில் வளர்த்தது. இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர்.

இப்படி ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல்களைக் கொண்டு 2016இல் அமெரிக்க ஆய்வொன்று வியப்பான உண்மையைக் காட்டியது: பியூட்டிரேட் ஸ்டெம் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. மேலிருக்கும் முதிர்ந்த செல்கள் அதை முன்னதாகவே உறிஞ்சி எரித்துவிடுவதால், குழியின் அடி தப்பிக்கிறது.

இதுபோன்ற செரிக்காத மாவின் பலன் நோயாளிகளிடமும் தெரிந்தது. 2000இல் வெளியான ஆய்வில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், காலரா நோயாளிகளின் உப்புச் சர்க்கரைக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்தார்கள், பேதி குறைந்தது. 2001இல் வெளியான டாக்கா ஆய்வில், நாட்பட்ட பேதியால் வாடிய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கலந்த சோற்றுணவு கைகொடுத்தது.